வாங்கிய வீடும் வாழ்ந்த வீடும்

கடல் சூழ்ந்த தீவொன்றில், தென்னஞ்சோலை நிழலில், அலையோசை கேட்கும் தொலைவில் தமக்கென ஒரு வீடு வேண்டும் என்று விரும்புவோர் உலகில் இன்று பலர். பனிக்காலத்தின் கொடுமையை அறிந்த நாட்டவர்க்கு இவ்விருப்பம் மிகுதி. கரீபியன் தீவுகளில் வீடு வாங்குவதும், ஆண்டுக்குச் சில வாரங்கள் அங்கு சென்று தங்குவதும், எஞ்சிய நாளெல்லாம் அதைப் பூட்டி வைப்பதும் ஒரு பெருவணிகமாகவே வளர்ந்துவிட்டன. இலங்கையும் ஒரு தீவு. வெயிலும் கடலும் தென்னையும் இங்கும் உண்டு. ஆதலின் அவ்விருப்பம் நம் கரையையும் வந்தடைந்திருக்கிறது. விருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதிற் குற்றம் காண்பதற்கில்லை. பாரதியும் பராசக்தியிடம் நிலமும் மாளிகையும் தென்னை மரங்களும் நிலவொளியும் கேட்டவனே. அழகான ஓரிடத்தில் அமைதியாக வாழ வேண்டும் என்னும் ஆசை மனிதர் அனைவர்க்கும் பொது.

அவ்வாசை நிறைவேறும் வழியிலேதான் அறவியல் வினா பிறக்கிறது. ஒரு தீவிலுள்ள வீட்டை ஒருவர் விலை கொடுத்து வாங்கும்போது அவர் எதை வாங்குகிறார்? சுவரையும் கூரையையும் வாங்கலாம். அவை நிற்கும் மண்ணையும் வாங்கலாம். அந்த ஊரை வாங்க முடியுமா? ‘இது என் வீடு, இது என் ஊர்’ என்று கூறும் உரிமை பணத்தினால் வருகிறதா, பிறப்பினால் வருகிறதா, உழைப்பினால் வருகிறதா, அன்றி வாழ்ந்த வாழ்வினால் வருகிறதா? வீடு வாங்கக்கூடியவர்களை மட்டும் பற்றிய வினாவன்று இது. வாங்க முடியாதவர்களையே இது பெரிதும் பற்றியது.

நம் மொழி இவ்விடயத்தில் ஒரு தெளிந்த கருத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. குடி, குடில், குடிசை, குடியிருப்பு என்பன ஒருபுறம். குடிமகன், குடியுரிமை, குடியரசு என்பன மறுபுறம். இவையெல்லாம் ஓரினச் சொற்கள். ஓரிடத்திற் குடியிருப்பவன் எவனோ அவனே அவ்விடத்தின் குடி, குடியாயிருப்பவனுக்கே குடியுரிமை. சொற்கள் கூறும் நீதி இது. சட்டமும் சந்தையும் கூறும் நீதி வேறாக இருக்கிறது.

முதலிற் சந்தையின் நீதியைப் பார்ப்போம். கரீபியன் கடலிலுள்ள சென் கிற்ஸ் நெவிஸ் 1983இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டே, 1984இல், நாட்டில் முதலீடு செய்யும் அந்நியருக்குக் குடியுரிமை வழங்க அது சட்டத்தில் இடம் செய்தது. குறித்த மதிப்புடைய வீட்டை வாங்குவதும் அம்முதலீட்டில் ஒரு வகை. டொமினிக்கா 1993இலும், அன்டிகுவா பார்புடாவும் கிரனடாவும் 2013இலும் அவ்வழியிற் சென்றன. குடியுரிமையின் விலையைக் குறைத்துக் குறைத்து ஒருவரோடொருவர் போட்டியிட்ட இந்நான்கு நாடுகளும், இனி 2,00,000 அமெரிக்க டொலருக்குக் குறைத்து விற்பதில்லை என்று 2024இல் தம்முள் உடன்பாடு செய்துகொண்டன. அத்தீவுகளை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. சர்க்கரைக்காகவே ஐரோப்பியரால் அடிமைத் தோட்டங்களாக ஆக்கப்பட்டு, சர்க்கரையின் காலம் முடிந்தபின் கைவிடப்பட்ட சிறு நாடுகள் அவை. விற்பதற்கு அவற்றிடம் எஞ்சியிருந்தவை வெயிலும் கடற்கரையும் கடவுச்சீட்டுமே. ஆயினும் அவ்விற்பனையின் பொருளை நாம் உணர வேண்டும். அங்கு ஒரு நாளும் குடியிராத ஒருவர், வீடொன்றின் விலையைக் கொடுத்துக் குடியாகிவிடலாம்.

இனிச் சட்டத்தின் நீதி. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். மலையகத் தமிழர் தம் வருகையின் 200ஆம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தனர். 1867இல் லூல்கந்துரையில் வணிகத் தேயிலை வேரூன்றியது. கோப்பி அழிந்தபின் மலைநாட்டைத் தேயிலையும், சப்பிரகமுவவின் தாழ்ந்த மலைகளைத் தேயிலையோடு இறப்பரும் மூடின. அவற்றை நட்டவர்களும், கொழுந்து பறித்தவர்களும், பால் வெட்டியவர்களும், பாதை வெட்டியவர்களும் லயங்களிற் பிறந்து லயங்களிலேயே இறந்தார்கள். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்றோர் என்னும் நிலைக்கு முடிவு தேடிய சட்டம் 2003இல் வந்தது.

ஒரு தீவிலே, குடியிராதவன் பணத்தால் குடியாகிறான். மற்றொரு தீவிலே, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவன் சட்டத்தால் குடியல்லாதவனாகிறான். இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. வாழ்ந்த வாழ்வுக்கு இரண்டு இடத்திலும் மதிப்பில்லை.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. டொலர் ஒன்றுக்கு 300 ரூபா எனக் கொண்டால், கரீபியன் குடியுரிமையின் அடிவிலை 6 கோடி ரூபா. உண்ணாமல் உடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்து வைத்தாலும், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு அது 44,444 நாள் உழைப்பு. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 148 ஆண்டு. இந்தக் கணக்கின் விடையைக் கண்டு மலைத்துப் போவதோடு நின்றுவிடக் கூடாது. தேயிலை வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 148 ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. அப்பெண்ணின் கொள்ளுப்பாட்டியும் பாட்டியும் தாயும் அவளும் சேர்ந்து அந்த உழைப்பை முன்னரே கொடுத்து முடித்துவிட்டனர். விலை கொடுத்தாகிவிட்டது, உறுதிதான் கைக்கு வரவில்லை.

இலங்கையிலும் தீவில் வீடு வாங்கிய கதைகள் உண்டு. மாத்தறை மாவட்டத்தில் வெலிகம விரிகுடாவிலே, கரையிலிருந்து கடல்நீரில் நடந்தே சென்றடையக்கூடிய மிகச் சிறு தீவு ஒன்றிருக்கிறது. டி மௌனி என்னும் பிரெஞ்சுக்காரர் 1920களில் அதில் ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்து, நம் நாட்டின் பண்டைய கிரேக்கப் பெயரான தப்ரபேன் என்பதையே அதற்கும் சூட்டினார். 1952இல் அத்தீவை அமெரிக்க எழுத்தாளர் போல் பௌல்ஸ் விலைக்கு வாங்கினார். தம் நாவலொன்றின் பெரும்பகுதியை அங்கிருந்து எழுதினார். சில ஆண்டுகளிற் சலித்து, விற்றுவிட்டுப் போனார். அதே 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ், பறிக்கப்பட்ட வாக்குரிமைக்காகக் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடத்திக்கொண்டிருந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். வந்து போகிறவர் ஒரு தீவையே சொந்தமாக்கிக்கொள்ளவும், வாழ்ந்து மடிகிறவர் ஒரு காம்பராவையும் சொந்தம் என்று சொல்ல முடியாதிருக்கவும் ஒரே நாடு ஒரே ஆண்டில் இடங்கொடுத்தது. அவ்வெழுத்தாளர் எவருக்கும் தீங்கு செய்ததாக நாம் சொல்ல வரவில்லை. அவரைக் குற்றவாளியாக்கினால் அமைப்பு தப்பித்துக்கொள்ளும்.

இவ்விடத்தில் நாம் மிகுந்த எச்சரிக்கையோடிருக்க வேண்டும். ‘அந்நியனுக்கு நம் மண்ணை விற்காதே’ என்னும் முழக்கம் கேட்பதற்கு இனிமையானது. முற்போக்கானது போலவும் தோன்றும். அதன் அடியில் இருக்கும் தத்துவம் யாது? மண்ணில் பிறந்தவனுக்கே மண் உரியது. வெளியிலிருந்து வந்தவனுக்கு இல்லை என்பது. 1948இல் தோட்டத் தொழிலாளியின் கழுத்தில் வைக்கப்பட்ட கத்தி இதே தத்துவத்தால் தீட்டப்பட்டது. 1977இலும், 1981இலும், 1983இலும் சப்பிரகமுவத் தோட்டங்களில் லயங்களுக்குத் தீ வைத்தவர்களின் வாயிலும் இதே வாதம் இருந்தது. 1981 ஆகத்தில், இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து சட்டி பானையையும் விட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாக வடக்கு நோக்கி ஓடியவர்கள் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்களுடைய பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டுத்தான் அவர்களை விரட்டினார்கள். கடற்கரை மாளிகையை வாங்குகிறவனை எதிர்ப்பதற்காக நாம் அந்தக் கத்தியைக் கையில் எடுத்தோமானால், அது நாளை மீண்டும் நம் பக்கமே திரும்பும். பிறப்பு அளவுகோலாகாது.

அப்படியானால் உழைப்பை அளவுகோலாகக் கொள்ளலாமா? இடதுசாரி மனத்துக்கு இது இயல்பாகவே உவப்பானது. பொதுவாயிருந்த நிலத்தோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் லொக் எழுதினார். அழகிய வாதம். அதை எழுதியவர் ஆபிரிக்க அடிமை வணிகம் செய்த கம்பனியொன்றில் தம் பணத்தை முதலீடு செய்திருந்தவர் என்பதையும் மறக்கலாகாது. கரும்புத் தோட்டத்து அடிமையின் உழைப்பு அக்கரும்பு நிலத்தில் கலந்ததேனும் நிலம் அவனுக்கு உரியதாகவில்லை. மேலும், ‘உழைத்தவனுக்கே நிலம்’ என்னும் வாதத்தைத் திருப்பிப் போட்டு, ‘உழைப்புக் காணாத நிலம் எவர்க்கும் உரியதன்று’ என்று ஆட்சியாளர் பொருள்கொண்டனர். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டமும், 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டமும் அந்த நெறியிலேதான் சென்றன. சிங்களக் கிராமத்து மக்கள் சேனைப் பயிர் செய்தும், விறகெடுத்தும், மாடு மேய்த்தும் வாழ்ந்த காடுகள், உறுதி காட்ட இயலாமையினால் தரிசெனப்பட்டு அரசுக்குச் சென்றன. அரசிடமிருந்து மிகக் குறைந்த விலைக்குத் தோட்டத்துரைமாரிடம் சென்றன.

நிவித்திகலப் பகுதியிலே இவ்வரலாற்றின் இரு பக்கமும் ஒரே பாதையின் இரு பக்கமாக நிற்கின்றன. ஒரு பக்கத்தில் நிலத்தை இழந்தவரின் பேரப்பிள்ளைகள். மறுபக்கத்தில் நிலமின்றிக் கொண்டுவரப்பட்டவரின் பேரப்பிள்ளைகள். இருவரில் எவர் உரிமை மூத்தது என்று கேட்டு இருவரையும் மோதவிடுவது எளிது; அரசியல்வாதிகள் பலர் அவ்வாறே பிழைத்திருக்கின்றனர். நிலத்தை எடுத்தவனும் ஆளைக் கொண்டுவந்தவனும் ஒருவனே என்பதை மாணவர்க்குக் காட்டுவது கடினமான வேலை. ஆயின் அதுவே உண்மை. இப்பகுதியின் மாணிக்கக் குழிகளில் நெடுங்கால வழக்கம் ஒன்றுண்டு. அகப்பட்ட கல்லின் விலையில் நிலத்துக்குரியவனுக்கும், அனுமதிப்பத்திரம் பெற்றவனுக்கும், நீர் இறைக்கும் இயந்திரத்துக்குரியவனுக்கும் பங்கு இருப்பதுபோலக் குழிக்குள் இறங்கி மண் வெட்டுபவனுக்கும் பங்கு உண்டு. பங்கு சிறிதாயிருக்கலாம், பங்கிடுவதில் வஞ்சகமும் நடக்கலாம். ஆயினும் உழைப்பவன் பங்காளி என்னும் எண்ணம் இம்மண்ணுக்கு அந்நியமானதன்று. குழியின் அடியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்நீதி, அதே மலையின் மேலே தேயிலைச் செடிக்குள் மட்டும் ஏன் நுழையவில்லை?

கரீபியனுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களின் வரலாறு இங்கு ஒப்பிடத் தக்கது. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட் சென்றனர். ஒப்பந்தம் முடிந்தவர்களைத் திருப்பியனுப்பும் கப்பற் செலவு ஆட்சியாளருக்குச் சுமையாயிற்று. ஆகவே, திரும்பிச் செல்லும் உரிமையைக் கைவிடுவோர்க்கு 1869 முதல் 10 ஏக்கர் வரையில் அரச நிலம் வழங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அளவு குறைந்தது. 1880இல் திட்டமே நின்றுவிட்டது. அது கருணையால் விளைந்ததன்று. ஆட்களைத் தோட்டங்களின் அருகிலேயே வைத்திருக்கும் உபாயமே. ஆயினும் அதனால் ஊர்கள் எழுந்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குச் சென்றவர்களில் தமிழர் மிகப் பலர். அவர்களுடைய பிள்ளைகள் அத்தீவிலேயே பிறந்திருந்தும் பிரெஞ்சுக் குடிகளாக ஏற்கப்படவில்லை. 1863இல் அங்கு பிறந்த ஹென்றி சிதம்பரம், 1904இல் தொடங்கி 1923இல் வெற்றி காணும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டு அவ்வுரிமைக்காக வழக்காடினார். குவாதலூப்பில் 1923இல் தீர்ந்த வழக்கு, இலங்கையில் 1948இற்றான் தொடங்கியது.

உழைப்பு மட்டுமே அளவுகோலெனின், உழைக்கவியலாத முதியவருக்கும் நோயாளிக்கும் குழந்தைக்கும் வீடில்லை என்றாகிவிடும். தோட்டங்களில் இன்றும் நடப்பது இதுவே. குடும்பத்தில் எவரேனும் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்திருக்கும்வரை காம்பரா. எவரும் இல்லையெனின் அக்காம்பராவில் இருப்பதற்கே சந்தேகம். வேலைக்குக் கூலியாக வரும் வீடு, வேலையோடு போகும். எனவே பணம், பிறப்பு, உழைப்பு மூன்றையும் கடந்த வேறொன்றை நாம் தேட வேண்டியிருக்கிறது.

அதற்குப் பார்புடா என்னும் சிறு தீவு வழி காட்டும். அடிமைத்தனம் 1834இல் ஒழிந்தபின், அத்தீவின் மக்கள் நிலத்தைக் கூறுபோட்டு விற்காமற் பொதுவாகவே வைத்து வாழ்ந்தனர். 2007ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தை உறுதி செய்தது: நிலம் பார்புடா மக்களுக்குப் பொது, எவரும் அதை விற்கவியலாது. 2017 செப்ரெம்பரில் இர்மா புயல் அத்தீவை அழித்தது. மக்கள் அனைவரும் அன்டிகுவாவுக்கு அகற்றப்பட்டனர். அவர்கள் திரும்பிக் கூரை வேய்ந்து முடிப்பதற்குள்ளாகவே அரசு சட்டத்தை மாற்றத் தொடங்கியது. 2018இல் அப்பொதுநிலச் சட்டம் நீக்கப்பட்டது. செல்வர்க்கான உல்லாச வீடுகளுக்கு வழி திறந்தது. மக்கள் வழக்காடினர், 2022இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

சட்டம் எவ்வாறு தீர்த்தாலும், அப்புயல் ஓர் அளவுகோலைக் காட்டிச் சென்றது. புயலுக்குப் பின் எவன் அத்தீவுக்குத் திரும்பியே ஆக வேண்டுமோ அவனுக்கு அது வீடு. புயலைத் தொலைக்காட்சியிற் பார்த்துவிட்டுக் காப்புறுதிக் கம்பனிக்குக் கடிதம் எழுதுபவனுக்கு அது சொத்து. சொத்தும் வீடும் ஒன்றல்ல. சொத்தை இழந்தவனுக்குப் பணம் குறைகிறது. வீட்டை இழந்தவனுக்கு வாழ்வே அறுந்துபோகிறது. ஓரிடத்தின் இன்பத்தோடு துன்பத்தையும் பங்கிட்டுக்கொள்பவன், அவ்விடத்தின் மழையையும் மண்சரிவையும் பஞ்சத்தையும் அயலானோடு சேர்ந்து தாங்குபவன், எங்கிருந்து வந்தவனாயினும், அவ்விடத்தின் குடி. அவன் உரிமையே முதலுரிமை.

இவ்வளவுகோலை நம் மலைகளுக்கு வைத்துப் பார்ப்போம். 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தை நிலைகுலைத்தன. 2017 மே மாதத்தில் மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அபாயம் என்று முன்னரே அறிவிக்கப்பட்ட இடத்திலும் மக்கள் ஏன் இருந்தனர்? போவதற்கு வேறிடம் இல்லை. கட்டுவதற்கு ஒரு துண்டு காணியில்லை. மழை இறங்கும் இரவுகளில் இம்மலைகளில் விழித்திருப்பவர்கள் அவர்கள். மலையின் அபாயம் முழுவதும் அவர்களுக்கு உரியது. மலையின் ஓர் அங்குலமும் அவர்களுக்கு உரியதன்று. இதனினும் பெரிய அறப்பிழை எது?

வீடு வாங்காமல், பார்த்துவிட்டுப் போக மட்டும் வருகிறவரைப் பற்றி யாது கூறுவது? உலகில் எவ்விடத்துக்கும் சென்று தன்னை அறிமுகம் செய்துகொள்ள ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமையுண்டு என்று 1795இல் இம்மானுவேல் கான்ட் எழுதினார். பூமி உருண்டையானது, மனிதர் எல்லையின்றி விலகிப் பரவ இயலாது, ஆகவே ஒருவரையொருவர் சகித்தே தீர வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். ஆனால் அதை வந்து பார்க்கும் உரிமை என்றாரேயன்றி, வந்து தங்கிவிடும் உரிமை என்றாரில்லை. தங்குவதற்கு வீட்டாரின் உடன்பாடு வேண்டும். ஐரோப்பியர் பிற நாடுகளைச் ‘சென்று பார்ப்பது’ என்ற பெயரால் வென்றடக்கியதை அவர் அங்கேயே கண்டித்தார். கரும்புத் தீவுகளின் அடிமைக் கொடுமையையும் சுட்டிக் காட்டினார். கணியன் பூங்குன்றனார் எல்லா ஊரையும் தம் ஊராகக் கண்டார். எல்லா ஊரையும் தம் சொத்தாகக் கண்டாரல்லர். அவர் வாக்கு உறவைப் பற்றியது. பத்திரப் பதிவைப் பற்றியதன்று.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தினராய்ச் செல்வோர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் வகுக்கவில்லை. அக்காலத்து விருந்தினன் வழிநடந்து களைத்தவன். வீட்டாரிடமே சோறும் கூரையும் இருந்தன. இன்று நிலை தலைகீழாகிவிட்டது. விருந்தினன் செல்வன், வீட்டான் வறியவன். ஆதலின் இன்று எழுத வேண்டியது விருந்தினனின் அதிகாரமே. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த சிங்கராசக் காட்டைக் காண, இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல, கலவானைப் பாதையாகவும் உல்லாசப் பிரயாணிகள் செல்கின்றனர். மலைநாட்டிலே, துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று உயர்ந்த விலை விடுதிகளாகிவிட்டன. பங்களாவின் புல்வெளியிலிருந்து பார்த்தால் கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் பசுமைக்கு நடுவே அழகிய புள்ளிகளாகத் தெரிவார்கள். அவர்களைப் படம் எடுக்கிறவர் தீயவர் அல்லர். அந்தப் பெண்ணின் லயத்துக்கு எத்தனை குடும்பத்துக்கு ஒரு நீர்க்குழாய் என்று கேளாமற் போவதே குறை. கேட்டறிந்து சென்றவர் விருந்தினர்; கேளாமற் சென்றவர் வாடிக்கையாளர்.

தோழர்கள் சிலர் இங்கு ஒரு தடை எழுப்பக் கூடும். தொழிலாளிக்குச் சொந்த வீடு என்பது சிறு முதலாளித்துவக் கனவன்றோ? 1872இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினையைப் பற்றி எழுதியபோது, சிறு வீடும் சிறு நிலமும் தொழிலாளியை ஓரிடத்தோடு பிணைத்துக் கூலியைத் தாழ்த்திவிடும் என்று எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார், உண்மையே. ஆயின் அதே நூலில், முதலாளிக்குச் சொந்தமான வீட்டிற் குடியிருக்கும் தொழிலாளியின் நிலையையும் அவர் காட்டியிருக்கிறார்: வேலைநிறுத்தம் செய்தால் கூலியோடு கூரையும் போகும். தோட்டத் தொழிலாளியின் நிலை இந்த இரண்டாவது நிலை. அவன் கழுத்தில் விலங்கு முன்னரே இருக்கிறது. அது கூரையின் வடிவில் இருக்கிறது. காணி உறுதி அவனைப் பிணைக்காது. பிணைப்பை ஒரு சுற்றுத் தளர்த்தும். சொந்தக் கூரையின்கீழ் நிற்பவன் துரையின் முன் நிமிர்ந்து பேசலாம். அவன் மகள் தோட்டத்தில் பெயர் பதியாமல் பல்கலைக்கழகம் செல்லலாம். இது சொத்துடைமை மோகம் அன்று. வேலைநிறுத்தம் செய்யும் உரிமையின் ஒரு பகுதி.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது? வெளிநாட்டவர் காணி வாங்கும்போது விதிக்கப்பட்ட நூறு விழுக்காட்டு வரியை 2002இல் நீக்கினார்கள். 2004இல் மீண்டும் விதித்தார்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர்க்குக் காணி கைமாறுவதைப் பொதுவாகத் தடைசெய்து, 99 ஆண்டு வரையிலான குத்தகைக்கு இடம் விட்டது. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றன. அவற்றின் குத்தகை 2045 வரை நீள்கிறது. அந்நியனுக்கு 99 ஆண்டு. கம்பனிக்கு 53 ஆண்டு. லயத்தில் வாழ்பவனுக்கு எத்தனை ஆண்டு? அவனுக்கு எழுதப்பட்ட ஆண்டே இல்லை. இந்திய உதவியுடன் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி வழங்கும் வேலையும் தொடங்கியது. வரவேற்போம். ஆயினும் 200 ஆண்டுக்குப் பின்னும் அது சலுகையாக, தேர்தற்காலக் கொடையாக, கைகூப்பி வாங்கும் பொருளாகவே வந்துகொண்டிருக்கிறது. குடியிருந்தோரின் உரிமை என்று அதை ஒப்புக்கொள்ளும் மனம் இன்னும் வரவில்லை. சிதறிக் கிடக்கும் சப்பிரகமுவத் தோட்டங்களோ வாக்கு எண்ணிக்கையில் சிறியவை. ஆகவே அவை வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது யாது? கடற்கரை வீட்டை விரும்புகிறவனை வெறுக்கக் கற்பிப்பது நம் வேலையன்று. அவ்விருப்பம் எல்லோர்க்கும் உரியது என்பதையும், எல்லோர்க்கும் நிறைவேறாத விருப்பத்தைச் சிலர் பணத்தால் நிறைவேற்றிக்கொள்ளும்போது பிறர் எங்கே தள்ளப்படுகிறார்கள் என்பதையும் கற்பிப்பதே நம் வேலை. பாதையின் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும், 1840ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பித்தால், இருவருக்கும் எதிரி ஒருவரையொருவர் அல்லர் என்பது விளங்கும். காணி கேட்டுத் தொழிலாளி நிற்கும்போது கிராமத்து விவசாயியும் உடன் நிற்க வேண்டும். காட்டையும் நீரூற்றையும் கேட்டுக் கிராமம் நிற்கும்போது லயமும் உடன் நிற்க வேண்டும்.

குடியிருப்பவர்க்கு உறுதி கிடைத்த பின்னர், கடல் கடந்து வருகிறவர் வரட்டும், பார்க்கட்டும், வீட்டார் உடன்பட்டால் தங்கட்டும். நம் மக்களுக்கு விருந்தோம்பத் தெரியும். ஆனால் விருந்தோம்புவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும்.